கல்வெட்டில் ஏறாத நோய்: கிள்ளான் பள்ளத்தாக்கில் மனநலத்துக்கான நிதி

மனநோயாளிகளுக்கென்று பொதுமக்களிடம் பணம் திரட்டும் வழக்கம் கிள்ளான் பள்ளத்தாக்கில் 1960களின் பிற்பகுதிக்கு முன் ஏறத்தாழ இல்லை. கோயிலுக்கும் பள்ளிக்கும் விடுதலைப் படைக்கும் தமிழர்கள் வாரி வழங்கிய வட்டாரம் இது. ஆகவே கஞ்சத்தனத்தைக் காரணமாகச் சொல்ல இடமில்லை. மனநோய் யாருடைய பொறுப்பு என்று காலனி ஆட்சி முதலிலேயே வகுத்த முறை, கொடுப்பவர் பெயருக்குச் சமூகம் தந்த இடம், நோயாளியின் குடும்பத்தைப் பிடித்திருந்த அச்சம், வரிச் சட்டம், தோட்டங்களின் சரிவு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து இந்த நிதியின் போக்கைத் தீர்மானித்தன.

ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில் தொழிலாளியின் உடல்நலமும் மனநலமும் கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவினமாகவே இருந்தன. 1907இல் மலாயா அரசு தமிழர் குடியேற்ற நிதியை அமைத்தது. பின்னர் இதுவே இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் பெற்றது. தமிழ்த் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும், ஆள் வேலை செய்த நாள் கணக்குப்படி இந்த நிதிக்கு வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்களுக்கு இலவசக் கப்பல் பயணம் கிடைத்தது. ஆவடி முகாமும், போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கியவர்களைத் தடுத்துவைத்த முகாமும் அதிலிருந்தே நடந்தன. உழைக்க முடியாமல் போனவர்களை ஊருக்குத் திருப்பியனுப்பும் செலவும், போக்கிடம் இல்லாத முதியோருக்கான இல்லச் செலவும் அதே கணக்கில் சேர்ந்தன. நோயுற்ற தொழிலாளியைப் பார்க்கத் தோட்டத்தில் டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் இருப்பார். அவரால் முடியாவிட்டால் அரசாங்க மருத்துவமனை. மனம் பேதலித்தவருக்கு அதற்கும் அப்பால் ஓர் இடம் இருந்தது. ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் திறக்கப்பட்ட கூட்டரசு மனநோய் விடுதிதான் அது.

தஞ்சோங் ரம்புத்தான் கிள்ளானிலிருந்து ரயிலில் ஒரு நாள் தொலைவு. போனவர் பெரும்பாலும் நீண்ட காலம் அங்கேயே தங்கினார். ஊர்ப்பெயரே வசைச்சொல்லாக மாறி, இன்றும் மலேசியாவில் எல்லா மொழிக்காரர்களும் கேலிக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். 1937இல் ஜொகூரின் தம்போயில் இன்னொரு பெரிய மருத்துவமனை திறந்தது. இந்த இரண்டு நிறுவனங்களும் முழுக்க அரசுப் பணத்தில் ஓடியவை. பணம் போட்டது அரசு, நோயாளியைக் கொண்டுபோனதும் அரசு. எனவே ஊரார் கைப்பணம் போட்டு மனநோயாளியைப் பராமரிக்க வேண்டிய நிலை எழவில்லை. அதோடு, பராமரிக்க வேண்டியவர் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்ததால் அவரைப் பற்றிய பேச்சும் நின்றுபோனது. சிலாங்கூர் தோட்டங்களில் மனநலம் என்ற ஒரு செலவு இருந்தது என்பதே கங்காணிக்கோ, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்த மக்களுக்கோ தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தோட்டத்துக்குள்ளேயே மனத்தைக் கெடுத்த ஒன்றுக்கு மட்டும் தனிக் கணக்கு இருந்தது. அது கள்ளு. அரசு அனுமதியோடு தோட்டங்களில் கள்ளுக்கடை நடந்தது. அதன் இலாபம் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதியில் சேர்க்கப்பட்டது. குடித்துக் கெட்டவன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம் திருவிழாவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் செலவானது. சேவை நிதியின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான ஏற்பாட்டைக் காண்பது அரிது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, தோட்டத்தில் முறையான மருத்துவ வசதி ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கக் கேட்டதும் அதே பட்டியலில்தான். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்து சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டனர். மனித மதிப்பு, குடி, மருத்துவம் மூன்றும் ஒரே கோரிக்கைக்குள் அடங்கின என்பது அன்றைய தொழிலாளியின் மனநலப் பார்வையைக் காட்டுகிறது. ஆனால் அவர் அதற்கு அந்தப் பெயரை வைக்கவில்லை.

அரசும் முதலாளியும் செலவிட்ட இந்தப் பணத்துக்கு நேர்மாறாக, தமிழர்கள் தாமே கொடுத்த கொடை வேறு வழியில் ஓடியது. கே. தம்புசாமி பிள்ளை 1873இல் தொடங்கிய கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், 1890களின் தொடக்கத்தில் பத்துமலையில் தொடங்கிய தைப்பூசம், 1892இல் எழுந்த கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயில், 1900களின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இலங்கைத் தமிழர் கட்டிய கந்தசுவாமி கோயில், 1904இல் நிறுவப்பட்ட விவேகானந்தா ஆசிரமம் ஆகியவை அக்கொடையின் முதற்பலன்கள். நகரத்தார் தம் வட்டித் தொழிலின் வருவாயில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்துவைத்துத் தண்டாயுதபாணி கோயிலுக்குக் கொடுத்தார்கள். தோட்டத்தில் அரை வயிற்றுக்குச் சாப்பிட்டவர்களும் மாரியம்மன் திருவிழாவுக்கு குடும்பவீதம் தலைக்கட்டு வரி கொடுத்தார்கள். இன்றும் பிரிக்பீல்ட்ஸ் கோயில் ஒன்றில் நுழைந்து மேலே பார்த்தால் விசிறி இறக்கையில், குழல் விளக்கின் பட்டையில், தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டில் 'உபயம்' என்று எழுதி ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கும். சுவரில் பளிங்குக் கல்லில் தொகையும் பெயரும் இறங்கு வரிசையில் வெட்டப்பட்டிருக்கும். திருமண மண்டபத்தில் மொய் எழுதுபவர் நோட்டுப் புத்தகத்தை விரித்து ஒவ்வொரு தொகையையும் உரக்கச் சொல்லி எழுதுவதும் இதே மரபுதான். கொடுப்பது ஒரு கடன். அதைத் திருப்பித் தர வேண்டிய நாளும் வரும். ஆகவே எழுதிவைப்பது கட்டாயம்.

இந்த ஏற்பாடு மிகப் பெரிய தொகைகளைத் திரட்டக்கூடியது என்பதற்கு மூன்று சான்றுகள் போதும். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்துக்கு நிதி கேட்டு மலாயா வந்தபோது பெண்கள் கழுத்திலும் காதிலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் தம் நகைகளைக் கொடுத்ததோடு ஜான்சி ராணி படையிலும் சேர்ந்தார். பெரிய வணிகர்களிடம் வற்புறுத்தியும் வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. 1950களின் நடுவில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்காகக் கூலித் தொழிலாளிகளும் சிறு தொகை கொடுத்தார்கள். மூன்றாவது எல்லாவற்றிலும் பெரியது. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்களிடம் முதலில் பத்து வெள்ளி வாங்கிப் பங்கு சேர்த்து, அவர்கள் வேலை பார்த்த தோட்டத்தையே அவர்களுக்கு வாங்கிக் கொடுக்க முனைந்தது அந்தச் சங்கம். இன்றும் அது நிலைத்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் வழியாகப் போகும் பெருஞ்சாலைக்குச் சம்பந்தனின் பெயரே வைக்கப்பட்டுள்ளது.

இந்த மூன்றிலும் பொதுவாக இருந்தவை இரண்டு. கொடுத்தவருக்குப் பெயர் கிடைத்தது. கொடுத்ததன் பலன் கண்ணில் தெரிந்தது: படைச் சீருடை, நூலக அலமாரி, தோட்டத்தின் பட்டா. மனநலத்துக்கு இரண்டும் இல்லை. நோயாளியின் குடும்பம் நோயை மறைக்கவே விரும்பியது, ஏனெனில் தெரிந்துவிட்டால் அக்காள் தங்கைகளுக்கு வரன் வராது. சம்பந்தம் பேச வந்தவர்கள் முதலில் விசாரிப்பது குடும்பத்தில் யாருக்காவது புத்தி மாறாட்டம் உண்டா என்பதைத்தான். பத்திரிகையில் இதய அறுவைச் சிகிச்சைக்காக ஒரு குழந்தையின் படத்தைப் போட்டு மலேசியத் தமிழ் நாளேடுகள் நிதி கேட்டால் சில நாட்களில் பணம் சேர்ந்துவிடும். மனச்சிதைவு வந்த ஓர் இளைஞனின் படத்தைப் போட எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டார். அப்படியே போட்டாலும், நோயைச் செய்வினை, பேய், கிரகக் கோளாறு என்று ஊர் எண்ணியதால் அதற்குச் செய்ய வேண்டிய செலவும் கோயில் பூசாரிக்கும் குறி சொல்பவருக்குமே போனது. நோயின் காரணத்தைக் கோயில் சொன்னது, பரிகாரத்தையும் கோயிலே சொன்னது. காணிக்கை பெற்றதும் கோயில்தான்.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலேயே இந்த வேறுபாட்டைத் துல்லியமாகப் பார்க்கலாம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. வெள்ளைக் கோலும் கையுமாகத் தெருவைக் கடப்பவரை அந்தப் பகுதியில் எல்லாரும் தினமும் பார்க்கிறார்கள். பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் அங்கே கடைத்தொகுதிகளில் வரிசையாக உள்ளன. அவர்கள் தொழில் செய்து பிழைப்பதைப் பார்ப்பவருக்குக் கொடுக்க மனம் வருகிறது. அதே சங்கத்தின் முயற்சியால் பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசிய கண் மருத்துவமனையும் எழுந்தது. 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய, இன்று பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் நுண்கலை ஆலயமும், 'வேண்டியதை உண்டு, விரும்பியதைக் கொடு' என்ற முறையில் 1984இல் தொடங்கிய அன்னலட்சுமி உணவகமும் கொடுப்பதற்குப் புதிய வடிவம் தந்தன. இசை, நடனம், சாப்பாடு என்று கொடையாளிக்கு உடனே ஏதோ ஒன்று கிடைத்தது. பார்வையிழப்பும் கலையும் பசியும் பணம் திரட்டியதுபோல் மனநோய் திரட்டவில்லை.

போரும் இதே பாடத்தைத் தந்தது. ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு 1942-43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். திரும்பாதவர்களின் மனைவியரும் குழந்தைகளும் லயங்களில் தனித்து நின்றார்கள். பூச்சோங் சாலையில் சுவாமி சத்யானந்தா தொடங்கிய சுத்த சமாஜம் போர்க்கால அநாதைக் குழந்தைகளுக்கு இல்லம் நடத்தியது. 1961இல் அவர் மறைந்தபின் அன்னை மங்களம் அதைப் பல்லாண்டு நடத்தினார். குழந்தை என்றால் உடை, உணவு, பள்ளிக்கூடம் என்று கேட்கலாம், கொடுப்பார்கள். அதே வீட்டில் கணவன் திரும்பி வராததால் பேச்சை நிறுத்திவிட்ட விதவைக்குப் பணம் கேட்கும் சொற்கள் அன்று யாருக்கும் கைவரவில்லை. அவர் சாமி வந்து ஆடினால் ஊர் கைகூப்பியது. இல்லாவிட்டால் விலகிப் போனது.

விடுதலைக்குப் பிறகு மருத்துவத்தின் முகம் மாறியது. 1958இல் பினாங்கில், பொது மருத்துவமனைக்குள் அமைந்த நாட்டின் முதல் மனநலப் பிரிவு திறந்தது. 1960களின் பிற்பகுதியில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடமும் அதன் மருத்துவமனையும் கோலாலம்பூருக்கு அருகே மனநல மருத்துவத்தைக் கொண்டுவந்தன. புதிய மருந்துகளால் நோயாளி வீட்டுக்குத் திரும்பலாம் என்ற நிலை வந்தது. திரும்பியவருக்குப் பகல் நேரத்தில் ஓர் இடம், குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி, வேலைக்கு ஒரு வழி வேண்டும். அவற்றை அரசு மருத்துவமனையின் கட்டில் எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. இந்த இடைவெளியில்தான் சங்கங்கள் தோன்றின. பின்னர் மலேசிய மனநலச் சங்கம் என்று அறியப்பட்ட அமைப்பு 1960களின் பிற்பகுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கில் உருவானது. பெட்டாலிங் ஜெயாவில் பகல்நேர மறுவாழ்வு மையத்தை நடத்தியது. 1953இல் லண்டனில் பாதிரியார் சாட் வாரா தொடங்கிய சமாரித்தன்ஸ் அமைப்பின் வழியில், 1970இல் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் பிறந்தது. தற்கொலை எண்ணம் கொண்டவர் தொலைபேசியில் பேச, முகம் தெரியாத தன்னார்வலர் பொறுமையாகக் கேட்பார். மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய மொழிகளில் இந்தச் சேவை நடக்கிறது.

இவற்றை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த நகர மக்கள்: மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர், அரசு அதிகாரிகளின் மனைவியர். தமிழரிலும் இந்த வகுப்பினர் பலர் இதில் இருந்தனர். அவர்கள் நிதி திரட்டிய முறையும் அந்த வகுப்புக்குரியதே. ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களில் உரை, ஹோட்டலில் மேசைக்கு இவ்வளவு என்று நிதியுதவி விருந்து, நன்கொடைத் திரைக்காட்சி, நகரச் சாலைகளில் கொடிநாள். கொடிநாளில் உண்டியலை ஏந்தி வீதியில் நிற்க வேண்டுமானால் 1947ஆம் ஆண்டின் வீடுவீடாகவும் வீதியிலும் நிதி திரட்டும் சட்டத்தின்படி காவல்துறை அனுமதி வேண்டும். சங்கமாக இயங்க 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின்படி பதிவு வேண்டும். ஆண்டுக் கணக்கும் ஆண்டுக் கூட்டமும் தவறக் கூடாது. இவையெல்லாம் தெரிந்து, எழுதி, கையெழுத்து வாங்கி நடத்துவதற்கு ஆங்கிலமும் அலுவலகப் பழக்கமும் தேவைப்பட்டன. தோட்டத்துக் கோயில் கமிட்டிக்கு அவை இல்லை. அதே நேரம் கோயில் கமிட்டியிடம் இருந்த நம்பிக்கை வலையமைப்பு சங்கத்திடம் இல்லை. ஒருவருக்கொருவர் தேவைப்பட்ட இந்த இரு தரப்பும் ஒரே அறையில் அமர்ந்த சந்தர்ப்பம் குறைவு என்பதே இந்த வரலாற்றின் பெரிய இழப்பு.

பிஃப்ரெண்டர்ஸ் போன்ற அமைப்புக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. அங்கே அழைத்தவரின் பெயர் வெளிவரக் கூடாது. பிழைத்தவரை மேடையேற்றி நன்றி சொல்லவைக்கவும் முடியாது. வெற்றி என்பது நடக்காமல் போன ஒரு சம்பவம். அதைக் காட்டிப் பணம் கேட்க வழியில்லை. தன்னார்வலர்களுக்குச் சம்பளம் கிடையாது என்றாலும் வாடகை, தொலைபேசி, பயிற்சி, ஒன்றிரண்டு ஊழியர் ஆகிய செலவுகள் ஒவ்வொரு மாதமும் வரும். கொடையாளியோ கட்டடத்துக்கும் கருவிக்கும் கொடுப்பார். மாத மின்கட்டணத்துக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. தற்கொலை முயற்சியைத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு குற்றமாகவே வைத்திருந்ததும் கூச்சத்தைக் கூட்டியது. குற்றவாளி என்று சட்டம் சொன்னவருக்காகக் கொடை கேட்க வேண்டிய நிலை.

பணத்தின் கணக்கை மதமும் வரியும் மேலும் பிரித்தன. முஸ்லிம்களின் கட்டாயத் தர்மமான ஸக்காத் மாநில இஸ்லாமிய சமய மன்றங்களின் வழி சேர்கிறது. அவ்வாறு கொடுத்த தொகை, செலுத்த வேண்டிய வரியிலிருந்தே முழுதாகக் கழிகிறது. நூறு வெள்ளி ஸக்காத் கொடுத்தவருக்கு வரியில் நூறு வெள்ளி குறையும், வரி அவ்வளவு இருந்தால். 1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் வருமானத்திலிருந்து மட்டுமே கழியும். வரி விகிதம் 20 விழுக்காடு என்றால் நூறு வெள்ளிக் கொடைக்குத் திரும்புவது இருபது வெள்ளிதான். தனிநபர் இப்படிக் கழிக்கக்கூடிய உச்சவரம்பு நீண்ட காலம் மொத்த வருமானத்தில் 7 விழுக்காடாக இருந்தது. 2020 வரி ஆண்டு முதல் 10 விழுக்காடாக உயர்ந்தது. நிறுவனங்களுக்கு அது முன்பே 10 விழுக்காடு. வரி வரம்புக்குக் கீழே சம்பாதிக்கும் பாட்டாளிக்கு இதில் எந்தச் சலுகையும் இல்லை. அவர் கொடுத்தால் முழுத் தொகையும் அவர் பையிலிருந்தே போகும். அரசு நிதி இன்னொரு வழியிலும் வந்தது: 1990களின் தொடக்கம் வரை விற்கப்பட்ட சமூகநல லாட்டரியின் வருவாய் பல நல அமைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. அது நின்றபின் விருந்தும் கொடிநாளும் மேலும் முக்கியமாயின. சீனச் சமூகத்தின் வழி வேறு. 1881இல் கப்பித்தான் யாப் குவான் செங் தொடங்கிய தர்ம மருந்தகத்திலிருந்து வளர்ந்த துங் ஷின் மருத்துவமனையைப் போல், சங்கங்களும் குலக் குழுக்களும் நடத்திய நிறுவனங்கள் அவர்களுக்கு இருந்தன. தமிழர்கள் அப்படி ஒரு மருத்துவமனையைக் கோலாலம்பூரில் கட்டவில்லை. கட்டியவை கோயில்களும் பள்ளிகளும்.

1958இல் இந்தியர் குடியேற்ற நிதியின் எச்சம் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறியது. 1999இல் அதுவும் கலைக்கப்பட்டது. தொழிலாளியின் துயரத்துக்கு முதலாளி கட்டிய வரியின் வரலாறு அங்கே முடிந்தது. அது முடிந்த காலமும் சரியாகத் தேவை மிகுந்த காலமே. 1980களிலிருந்து சிலாங்கூரின் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. லயத்தை விட்டு வந்தவர்கள் தற்காலிக நீண்ட வீடுகளிலும் மலிவு அடுக்குமாடிகளிலும் புறம்போக்குக் குடிசைகளிலும் குடியேறினார்கள். தோட்டத்தில் கோயில், தொழிற்சங்கக் கிளை, தமிழ்ப்பள்ளி, உறவுமுறை என்று ஒன்றாக இருந்தவை கலைந்தன. பழைய கிள்ளான் சாலையோரக் கம்போங் மேடானில் 2001 மார்ச்சில் வெடித்த வன்முறைக்குப் பின்னணியாக இந்த நெருக்கடியையே பலரும் குறிப்பிட்டார்கள். தோட்ட மக்களிடையே மலிவுச் சாராயமான சம்சு பரவியது. களைக்கொல்லி மருந்து எளிதாகக் கையில் கிடைத்ததால் தற்கொலை முயற்சிகள் உயிரிழப்பாக முடிந்தன. கேமரன் மலை வட்டாரத்தில் மனநல மருத்துவர் டி. மணியம் நடத்தி 1988இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, இந்தியரிடையே தற்கொலை அளவு மிக உயர்ந்திருந்ததைக் காட்டியது. பின்னர் வந்த தேசியத் தற்கொலைப் பதிவேட்டிலும், மக்கள்தொகையில் 7 விழுக்காடு அளவே உள்ள இந்தியரின் பங்கு அதைவிட மிக அதிகமாகவே இருந்தது.

இவ்வளவு தேவை இருந்தும் சமூகத்தின் பொதுப் பணம் இப்பக்கம் வராமல் போனதற்கு நம்பிக்கை இழப்பும் ஒரு காரணம். 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற இந்தியர் முதலீட்டு நிறுவனம் சுமார் 66,000 இந்தியரிடம் ஏறத்தாழ 106 மில்லியன் வெள்ளி திரட்டியது. தாலிக்கொடி அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் உண்டு என்று அந்தக் காலத்தவர் சொல்வார்கள். நிறுவனம் சரிந்து பங்கின் மதிப்பு கரைந்தபின், பொது நோக்கத்துக்கு ரசீதுப் புத்தகத்தோடு வருபவரைச் சந்தேகமாகவே பார்த்தார்கள். கூட்டுச் சீட்டுகளில் ஏமாந்த அனுபவமும் சேர்ந்தது. 1971ஆம் ஆண்டிலேயே அத்தகைய சீட்டுகளைத் தடைசெய்யச் சட்டம் வந்தும் தெருவுக்குத் தெரு அவை நடந்துகொண்டுதான் இருந்தன. கண்ணுக்குத் தெரியும் கோயில் திருப்பணிக்குக் கொடுப்பதே பாதுகாப்பு என்று முடிவு செய்ததில் வியப்பில்லை. வெளிநாட்டு நட்சத்திரங்களுக்கும் பணம் குறையவில்லை. தென்னிந்திய நடிகர் சங்கம் சென்னையில் கட்டடம் கட்டுவதற்காக 2018 ஜனவரியில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் நட்சத்திர விழா நடத்திச் சீட்டு விற்றது.

தமிழகத்தில் இதே காலகட்டத்தில் வேறு விதமான அமைப்புகள் எழுந்ததை ஒப்பிடலாம். சென்னையில் சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். லட்சுமி விஜயகுமார் 1986இல் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவை அமைத்தார். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய பான்யன், தெருவில் கைவிடப்பட்ட பெண்களுக்குப் புகலிடம் தந்தது. தெருவில் திரியும் பெண்ணை நகரம் பார்த்திருந்ததால் பான்யனுக்குக் கொடையாளிகள் கிடைத்தார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் மாண்டது நாடு முழுவதையும் உலுக்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளி வீட்டு அறைக்குள் இருந்தார். அங்கே உலுக்கும்படியான காட்சி எதுவும் வெளியே தெரியவில்லை.

நிலைமை 2010களில் நகரத் தொடங்கியது. அதற்குத் தமிழ்க் கொடை மரபின் மாற்றம் ஒரு சிறு பங்கே. புள்ளிவிவரமும் பெருநிறுவனங்களும்தான் பெரும்பங்கு. 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்து, தனியார் மனநல மருத்துவ இல்லங்களுக்கும் சமூக மையங்களுக்கும் விதிகளை வகுத்தது. முறையான இல்லம் நடத்தும் செலவு இதனால் கூடியது. 2015இல் தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு மனநலப் பிரச்சினையின் அறிகுறிகள் இருப்பதாகக் கூறியது. நிறுவனங்களின் மனிதவளத் துறைகள் விழித்துக்கொண்டன. மனநலச் சங்கங்கள் பணியிடப் பயிற்சிக்குக் கட்டணம் வாங்கி, அந்த வருவாயில் ஏழைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் ஆலோசனை தரும் வழியைப் பிடித்தன. 2017இல் அனிதா அபு பாக்கார் தொடங்கிய மியாசா, நோயிலிருந்து மீண்டவர்களும் அவர்களின் குடும்பங்களும் முகம் காட்டிப் பேசும் அமைப்பு. மீண்டவர் தம் பெயரோடு பேசியபோது, மறைக்கும் வழக்கம் காலங்காலமாக அடைத்துவைத்திருந்த வாசல் ஒன்று திறந்தது.

இந்தியர் நலனுக்கென அரசு ஒதுக்கிய பணமும் இதே காலத்தில் பெரிதானது. 2014இல் பிரதமர் துறையில் இந்தியர் மேம்பாட்டுக்கான செடிக் என்ற பிரிவு அமைக்கப்பட்டு, 2018இல் மித்ரா என்று பெயர் மாறியது. ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்கீடு. அதில் கல்வி, தொழிற்பயிற்சி, சிறுதொழில் முதலியவற்றுக்கு அரசுசாரா அமைப்புகளின் வழி நிதி சென்றது. 2021இல் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம் மித்ரா நிதி குறித்து விசாரணை தொடங்கிச் சிலரைத் தடுத்துவைத்தபோது, ஒழுங்காக வேலை செய்த சிறு அமைப்புகள் மீதும் சந்தேகம் படிந்தது.

கோவிட் தொற்றால் 2020 மார்ச் 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடு பழைய நிதி முறைகளை ஒரே நாளில் நிறுத்தியது. விருந்து இல்லை, கொடிநாள் இல்லை, கோயில் திருவிழா இல்லை. அதே வாரங்களில் உதவித் தொலைபேசிகளுக்கு வரும் அழைப்புகள் பெருகின. 2021 ஜூலையில் உணவில்லாத வீடுகள் வெள்ளைக் கொடி ஏற்றலாம் என்ற இயக்கம் பரவியது. பசியையும் வேலையிழப்பையும் மனச்சோர்வையும் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் பலருக்கு அப்போதுதான் வந்தது. இணையவழி நன்கொடை பெருகியதால் சிறு தொகையைப் பெயர் சொல்லாமல் கொடுக்க முடிந்தது. மகமையிலும் மொய்யிலும் பெயர் கட்டாயமாயிருந்த மரபுக்கு இது புதியது. 2022 அக்டோபரில் அரசு 15555 என்ற எண்ணில் இலவச உளநல உதவித் தொலைபேசியைத் தொடங்கியது. ஆனாலும் சுகாதார அமைச்சின் செலவில் மனநலத்துக்குச் செல்வது 1 விழுக்காடு அளவே. 2023 மே மாதம் நாடாளுமன்ற மக்களவை தற்கொலை முயற்சியைக் குற்றமல்லாததாக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் மனச்சோர்வு 4.6 விழுக்காடாகப் பதிவானது. 2019இல் அது 2.3 விழுக்காடாக இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மனநல அமைப்புகள் இன்று நன்கொடை கேட்கும்போது இந்த இரு எண்களையும் வரிவிலக்கு ரசீதையும் சேர்த்தே முன்வைக்கின்றன.